கடைசியில் வெட்டும் துளை

டிங்கர் தன் சொந்தக் காரின் கூரையை அறுத்த அன்று, பட்டறைத் தெருவில் பாதிப்பேர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நசுங்கியதை நிமிர்த்துவதுதான் அவர் தொழில். நன்றாக நிற்கிற கூரையை எதற்கு அறுக்கிறார் என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒரு வருஷமாகவே அந்த மனிதரிடம் எதைக் கேட்டாலும் கிணற்றில் போட்ட கல்தான்.

பக்கத்துக் கொட்டகையில் காருக்குப் பெயிண்ட் அடிப்பவனுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. அதனால்தான் அவனுக்கு ரேடியோ என்று பேர். அவன் பாட்டுக்கு உள்ளே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினான்.

“என்னண்ணே இது, காத்து வாங்கவா? மழை வந்தா ஒரு கையில குடை, ஒரு கையில ஸ்டியரிங்கா?”

டிங்கர் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் கிரைண்டரை மறுபடி ஓடவிட்டார். பொறி பறந்து ரேடியோவின் காலடியில் விழுந்தது. அவன் துள்ளிக்கொண்டு வெளியே ஓடினான்.

கொட்டகையின் மறுபாதியில், தையல் மெஷினுக்குப் பின்னால் சீட்டம்மா உட்கார்ந்திருந்தாள். டிங்கரின் மனைவி. கார் சீட்டுக்கு உறை தைப்பவள் என்பதால் தெருவுக்கே அவள் சீட்டம்மா. அவர் தகரத்தைத் தட்டுவார், இவள் ரெக்ஸினைத் தைப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே கூரை, ஒரே ஃபேன், ஒரே பிளாஸ்க்கில் டீ. அவளும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கார் ஒரு வருஷமாகக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதில்தான் அவர்களுடைய ஒரே மகள் செத்துப்போனாள்.

அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பழைய சின்னக் கார் அது. பின்கதவை மேலே தூக்கினால் நாலு பை வைக்கலாம், அவ்வளவுதான் அதன் பெருமை. மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சீட்டம்மா அதற்குப் புது உறை தைக்க உட்கார்ந்தாள். ஊரில் உள்ளவன் காருக்கெல்லாம் தைத்தவள் தன் காருக்கு அதுவரை தைத்ததில்லை. பின்சீட்டின் உறை முடிந்துவிட்டது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட் கழற்றப்பட்டு, பாதி வேலையில் அவள் மேசைமேல் கிடந்தது. அதற்குள் மகள் வேலையில் சேருகிற காலை வந்துவிட்டது. “அப்பா, முதல் நாளே லேட்டாப் போனா அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா!” என்று அவள் குதித்தாள். டிங்கர் அவசர அவசரமாகப் பின்சீட்டுக்கு உறையை மாட்டினார். முன்னால் சீட் இல்லாததால் மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். “அம்மா, மெத்து மெத்துன்னு இருக்கு” என்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில், தண்ணீர் டேங்கர் ஒன்று பழுதாகி நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. டிங்கர் பெல்ட் போட்டிருந்தார். அவருக்கு விலா எலும்பு முறிந்ததோடு போயிற்று. பின்னால் இருந்தவளைத் தடுக்க முன்னால் ஒரு சீட்கூட இல்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் பின்சீட்டைக் கையால் தடவிப் பார்த்தார். “பெல்ட் சொருகுற பக்கிள் எல்லாம் கவருக்கு அடியில மாட்டிக்கிட்டிருக்கு. பாவம், பொண்ணு தேடியிருக்கும், கிடைச்சிருக்காது” என்றார். போகிற போக்கில்தான் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சீட்டம்மாவுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

ஏனென்றால் சீட் தைக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பக்கிள் வெளியே வருவதற்கான துளையைக் கடைசியில்தான் வெட்டுவார்கள். உறை முழுவதையும் தைத்து, சீட்டின்மேல் ஒருமுறை போர்த்திப் பார்த்து, பக்கிள் வருகிற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அப்புறம்தான் கத்தரி. முன்னாலேயே வெட்டினால் இடம் தப்பிவிடும். அன்றைய அமளியில் அந்தக் கடைசி வேலையைத்தான் தான் மறந்துவிட்டிருக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வெட்டினேனா, வெட்டவில்லையா? மண்டையை உடைத்துக்கொண்டாலும் ஞாபகம் வரவில்லை. அந்தத் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்க்க அவளுக்கு மனசு துணியவே இல்லை. காலையில் பல் தேய்த்ததை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? கை பழகிய வேலைக்கு மனசு சாட்சியாக நிற்காது.

டிங்கர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘உன்னாலதான்’ என்று ஒரு தடவைகூட வாயெடுக்கவில்லை. என்ன பெரிய மனசு என்று அவள் நினைத்தாள். வேறு ஒருத்தராக இருந்தால் தன்னை வார்த்தையாலேயே கொன்றிருப்பார் என்று நினைத்தாள். முன்பெல்லாம் கோபம் வந்தால் அவரை ‘யோவ்’ என்றுதான் கூப்பிடுவாள். வாடிக்கையாளர் எதிரில் ‘என்னங்க’. அவர் தலை மறைந்ததும் ‘யோவ், டீயைக் குடிச்சுட்டு டம்ளரை என் துணிமேலயா வைப்பே?’ மகள் போன பிறகு அந்த ‘யோவ்’ அவள் வாயில் வரவே இல்லை. எல்லா நேரமும் ‘என்னங்க’தான். குற்றம் செய்தவளுக்குக் கோபம் ஒரு கேடா?

சரி, காருக்கு வருவோம். கூரையை அறுப்பதற்கு முன்னாலேயே டிங்கர் கதவிருந்த இடங்களில் குறுக்கே பைப் வைத்து வெல்டிங் செய்திருந்தார். கூரைதான் அந்த மாதிரிக் காரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது போனால் தரை நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் நிமிர்த்த முடியாது. அவ்வளவு பக்குவமாகத்தான் செய்தார். கதவு போயிற்று. கண்ணாடி போயிற்று. பின்பக்கம் முழுவதும், பின்கதவோடு சேர்த்து, வெட்டப்பட்டுக் காயலாங்கடை வண்டியில் ஏறியது. பின்சீட் எங்கே என்று அவள் கேட்டதற்கு “தூக்கிப் போட்டாச்சு” என்றார். டாஷ்போர்டு, தரை விரிப்பு, கைப்பிடி, பாட்டுப் பெட்டி ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் நாலு சக்கரம், ஒரு தரை, ஒரு என்ஜின், ஒரு ஸ்டியரிங், இதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி சுற்றி ஒரு பைப் கூடு. வர்ணமும் வேண்டாம் என்றுவிட்டார். வெறும் இரும்பு.

“அண்ணே, இது கார் இல்ல. காரோட எக்ஸ்ரே” என்றான் ரேடியோ.

ஆனால் பார்க்க ஒரு அழகு இருந்தது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்தோ இளவட்டங்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு போனும் கையுமாக வந்தார்கள். படுத்துக்கொண்டு படம் எடுத்தார்கள், நின்றுகொண்டு படம் எடுத்தார்கள். ஒருவன் பணிவாகக் கேட்டான்: “அங்கிள், இதோட ஐடியா என்ன?”

“தேவையில்லாதது எதுவும் வேண்டாம். அதான்.”

“சூப்பர் அங்கிள்!”

“அப்படிப் பார்த்தா என்ஜின்கூடத் தேவையில்லதாம்ப்பா. நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே, தள்ளிக்கிட்டே போயிடலாம்” என்றான் ரேடியோ. எல்லோரும் சிரித்தார்கள். டிங்கரும் லேசாகச் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்த சீட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் வேளைக்குச் சாப்பிடுகிறார், படுத்ததும் தூங்குகிறார். இந்த இரும்பு அவரை மீட்டுக்கொண்டு வந்துவிடும் போலிருக்கிறதே என்று நம்பினாள். எத்தனை அசடு!

ஒரு நாள் டிங்கர் அவளைக் கூப்பிட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார். சரியாக நடுவில்.

“இங்க ஒரு சீட் தைச்சுக் கொடு.”

“ஒரே சீட்டாங்க?”

“ஒண்ணு போதும்.”

“நான் எங்க உட்காருவேன்?”

“நீ எதுக்கும்மா?” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. குழந்தையிடம் சொல்வது மாதிரி அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அளவெடுக்கக் குனிந்தபோதுதான் இன்னொன்றையும் பார்த்தாள். கட்டத்துக்கு இரண்டு பக்கமும் தரை வழவழவென்று இருந்தது. பெல்ட் முடுக்கும் நட்டு அங்கே இல்லை.

இதில் என்ன என்று வேறு யாராவது கேட்கலாம். டிங்கரைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். எந்த வண்டி வந்தாலும் அந்த மனிதர் தரையில் முதலில் வைப்பது பெல்ட் நட்டைத்தான். அதற்கப்புறம்தான் சீட் எங்கே, தகரம் எங்கே என்ற பேச்சு. பெல்ட் இருந்தால் அழகு கெடுகிறது என்று சொன்ன ஒரு பெரிய கார்க்காரரை, “அப்ப அழகான வேற பட்டறையாப் பார்த்துப் போங்க சார்” என்று வாசலோடு அனுப்பியவர். மகள் போவதற்கு ரொம்ப முன்னாலேயே அப்படித்தான். அவர் மறப்பாரா? மறக்க மாட்டார்.

“என்னங்க, பெல்ட்டு?”

“அப்புறம் பார்க்கலாம்.”

அடுத்து ரேடியோ வந்தான், முகமெல்லாம் பல்லாக. கையில் டிங்கரின் சுத்தியல்கள். தேய்ந்து தேய்ந்து அவர் உள்ளங்கைக்கே அச்சாகிப்போன பிடிகள்.

“அக்கா, பார்த்தீங்களா! அண்ணன் எனக்கே கொடுத்துட்டார். தொட்டா விரலை ஒடிப்பேன்னு சொல்ற மனுஷன்! ‘நீயே வச்சுக்கடா, எனக்கு இனி வேண்டாம்’ங்கிறார். வண்டி முடிஞ்சதும் முதல் ஓட்டம் எங்கண்ணேன்னு கேட்டேன். பாலத்துக்கு முன்னாடி அந்த வளைவுக்காம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. மனசு ஆறப் போறார் போல, என்ன?”

சீட்டம்மா ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். ஒரு சீட். பெல்ட் கிடையாது. சுத்தியல் இனி வேண்டாம். அந்த வளைவு. இதற்குமேல் ஒருத்தர் வந்து விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன? மகள் எப்படிப் போனாளோ அப்படியே போகத்தான் மனுஷன் இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வண்டி கட்டியிருக்கிறார்.

அவள் அழவில்லை, அவர் காலைப் பிடிக்கவில்லை. அழுதால் ‘இல்லம்மா, சும்மாதான்’ என்பார், மறுநாளே கிளம்பிவிடுவார். அவள் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சீட் இல்லாத வண்டியை டிங்கர் பட்டறையை விட்டு வெளியே எடுக்க மாட்டார். அதுவும் தன் வண்டிக்கு அவள் தைத்த சீட்தான் வேண்டும்; கடையில் வாங்கியதில் உட்காரவே மாட்டார். அந்தப் பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

“ஸ்பாஞ்சு சரியா வரலைங்க, திருப்பி அனுப்பிட்டேன்.” “இந்த நூல் வெயிலுக்குத் தாங்காது, வேற சொல்லியிருக்கேன்.” “மெஷின்ல பல் தேஞ்சுபோச்சு.” பகலில் தைத்ததை அவர் டீ குடிக்கப் போகும்போது பிரித்தாள். தையல் கோணல் என்பாள், மறுபடி பிரிப்பாள். டிங்கர் அவசரப்படுத்தவே இல்லை. “மெதுவாத் தை” என்று சொல்லிவிட்டு, முடிந்துபோன வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரையே பார்த்திருந்தாள். பார்த்துக்கொண்டே மனதுக்குள் மன்றாடினாள்: தப்பு பண்ணினவ நான். நீங்க ஏங்க போறீங்க? போகணும்னா நான்தானே போகணும்?

ரேடியோதான் எல்லாவற்றையும் கெடுத்தான். அல்லது சரிபண்ணினான். எதுவென்று இன்னும் அவளுக்குத் தெரியாது.

டிங்கர் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பின்சீட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. புது வண்டி ஒண்ணு பெயிண்டுக்கு வருது, எனக்கு இடமில்ல” என்றான்.

“எந்தப் பின்சீட்டு?”

“அதான் அக்கா, உங்க காரோடது. அண்ணன்தான் என்கிட்ட கொடுத்து வச்சார். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னார்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “நான் சொல்லல, சரியா?”

ரேடியோவின் கொட்டகையில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், பழைய துணி சுற்றி அது சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. அவள் துணியை விலக்கினாள். தன் கையால் தைத்த சாம்பல் நிற உறை. ஒரு ஓரத்தில் கறுத்துப்போயிருந்த இடத்தைப் பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். எரிக்கவும் மனசு வராமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் இங்கே கொண்டுவந்து ஒளித்திருக்கிறார், பாவம் என்றுதான் அப்போதும் நினைத்தாள். அப்புறம் கை தானாகச் சீட்டும் சாய்மானமும் சேருகிற இடத்துக்குப் போயிற்று.

விரல் உள்ளே இறங்கியது.

துளை இருந்தது. அடுத்த துளையும் இருந்தது. எல்லாத் துளையும் இருந்தன. ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டு, முனையில் பிரியாமலிருக்க அவள் மட்டுமே போடுகிற குறுக்குத் தையலோடு, அளவெடுத்த மாதிரி சரியான இடத்தில் இருந்தன. பக்கிள்கள்தான் துளை வழியாக மேலே வரவில்லை. உறைக்கு அடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தன. உறையை மாட்டுகிறவர்தான் துளைக்குள் விரல் விட்டு அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட வேண்டும். மாட்டியவர் எடுத்துவிடவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. ‘நான் இல்லடி குட்டி, அம்மா இல்லடி’ என்று அந்தச் சீட்டைக் கட்டிக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. சீட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஒரு வருஷம்! இந்த மனிதருக்குத் தெரியும். கூடவே உட்கார்ந்து, கூடவே சாப்பிட்டு, அவள் ‘ஓட்டை வெட்ட மறந்துட்டேனே’ என்று சுவரில் முட்டிக்கொண்டபோது தோளைப் பிடித்து “விடு, விடு” என்று சொன்னாரே, அப்போதும் தெரியும். அதைப் போய்ப் பெரிய மனசு என்று நினைத்தாளே!

அன்று சாயங்காலம் வீட்டில் அவருக்குச் சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தாள். மென்றார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார்.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமாங்க?”

“போதும்மா. நீ சாப்பிட்டியா?”

நீ சாப்பிட்டியாவாம்! அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பட்டறைக்கு வந்ததும் ஸ்பாஞ்சை எடுத்து வெட்டினாள். நூல் இருந்தது, மெஷினில் பல்லும் இருந்தது. எதையும் பிரிக்கவில்லை. எந்த ரெக்ஸினும் எடுக்கவில்லை. ரேடியோவின் கொட்டகைக்குப் போய் அந்தச் சாம்பல் உறையில் கறைபடாத பாகத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்தாள். போகட்டும். அந்த ஒரு வார்த்தைதான் மெஷினோடு சேர்ந்து அவள் தலைக்குள் ஓடியது. போகட்டும், போகட்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இவரைக் காப்பாற்றினேனே, எனக்கு இது வேண்டும்தான். போகட்டும், நல்லாப் போகட்டும். அவ்வளவு அழகாக அவள் அதுவரை எந்தச் சீட்டையும் தைத்ததில்லை. பொல்லாத மனசுதான், ஆனால் அவள் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. சீட்டுக் கூட்டின்மேல் போர்த்திப் பார்த்தாள். சாக்பீஸை எடுத்தாள். குறி போட்டாள். கத்தரியை எடுத்தாள். ஓரம் மடித்தாள், இரட்டைத் தையல், முனையில் குறுக்குத் தையல். நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று பார்த்தாள்.

பெல்ட்டே இல்லாத வண்டியின் சீட்டுக்கு, பக்கிளுக்கு ஒன்று, பட்டைக்கு ஒன்று என்று இரண்டு துளை வெட்டியிருந்தாள்.

அவள் மனசு ‘செத்துத் தொலை’ என்று சபித்துக்கொண்டிருந்தபோது, கை தன் பாட்டுக்கு அவர் உயிரைப் பிடித்துக் கட்ட இடம் விட்டிருந்தது. இப்படித்தானே அன்றைக்கும் வெட்டியிருக்கும், அவளுக்குத் தெரியாமலே? மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தாள். கோபம் போகவில்லை. ஒரு துளிகூடப் போகவில்லை. ஆனால் அவர் போய்விட்டால் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மகளும் இல்லை, அவரும் இல்லை, வெறும் வீட்டில் இதைக் கட்டிக்கொண்டு அழுவதா?

பழைய இரும்புக் குவியலுக்குப் போனாள். கிளறி, அந்தக் காரின் டிரைவர் சீட்டுப் பெல்ட்டைத் தேடி எடுத்தாள். அன்று அவரை விலா எலும்போடு விட்ட அதே பெல்ட். தூசியைத் தட்டிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

டிங்கர் வண்டிக்குள் குந்தியிருந்தார். அவள் சீட்டைக் கொடுத்தாள்.

“முடிஞ்சுதா?” என்று இரண்டு கையாலும் வாங்கினார். சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரியாயிற்று. கட்டத்தின்மேல் வைத்து போல்ட்டை முடுக்கினார். ஏறி உட்கார்ந்தார். கை இடுப்புப் பக்கம் போயிற்று. விரல் துளைக்குள் இறங்கி வெறும் ஸ்பாஞ்சைத் தொட்டது.

“இது எதுக்கு?” என்றார். “இதுல பெல்ட்டு இல்லையேம்மா.”

“யோவ்” என்றாள் சீட்டம்மா.

டிங்கர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஒரு வருஷமாக அந்தக் காதில் விழாத வார்த்தை.

“நான் ஓட்டை வெட்டிக் கொடுத்தா, அதுக்குள்ள விரலை விட்டுப் பக்கிளை வெளிய எடுத்து விடணும்யா. அதுகூடவா உனக்குத் தெரியாது?”

டிங்கர் ஸ்டியரிங்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

“அவ அவசரப்படுத்தினா. நான் அப்படியே மேல போட்டு இழுத்துட்டேன். அவ கேட்டா, ‘அப்பா பெல்ட் எங்கப்பா’ன்னு. கேட்டா. சாயங்காலம் எடுத்து விடறேன், இப்ப உட்காருன்னு நான்தான் சொன்னேன்.”

அது அவளுக்குத் தெரியாது. பைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என்கிட்ட ஏன்யா சொல்லல?”

“சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீயே, நான்தான் மறந்துட்டேன், நான்தான்னு அழுதே. நாக்கு எழல. அன்னிக்குச் சொல்லல, மறுநாளும் சொல்லல. அப்புறம் எப்படிச் சொல்றது? அதான் போயிடலாம்னு.”

“போயிட்டா? சொல்லாமலே போயிட்டா, நான் சாகுறவரைக்கும் நான்தான் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டுக் கிடக்கணும். அப்படித்தானே?”

அவர் தோள் குலுங்கியது.

“வண்டி தொய்ஞ்சுடக் கூடாதுன்னு பைப் வச்சுட்டு அறுக்கத் தெரியுது. நான் தொய்ஞ்சு விழுந்தா உனக்குத் தெரியலையா?” அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது. ரேடியோ எட்டிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். “ஒரு வருஷம் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்யா. இனிமே உன்னைத் திட்டணும். காலையில திட்டணும், சோறு போடறப்ப திட்டணும், நினைச்சு நினைச்சுத் திட்டணும். நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டா நான் யாரைத் திட்டறது? இரு. இருந்து வாங்கிக்க.”

பெல்ட்டை அவர் மடியில் எறிந்தாள்.

“எழுந்து வெல்டிங்கை எடு.”

டிங்கர் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். சீட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். நட்டைத் தேடினார், இரண்டு தடவை கை நழுவி உருண்டு போயிற்று. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் இடம் பார்த்து வெல்டிங் வைத்தார். பொறி பறந்தது. ஆறும்வரை காத்திருந்தார். பெல்ட்டை முடுக்கி, சீட்டைத் திரும்பவும் வைத்தார்.

“பக்கிளை வெளிய எடுத்து விடு” என்றாள். “நான் பார்க்கணும்.”

அவர் மண்டியிட்டு, துளைக்குள் விரலை விட்டார். கொஞ்சம் தடவ வேண்டியிருந்தது. பக்கிள் மெதுவாக மேலே வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார், போதுமா என்பது மாதிரி.

“அந்தப் பக்கமும்” என்றாள்.